கொரியாவில் தங்கம் விளைகிறதா? வர்த்தக ஒப்பந்தங்கள் சரக்கின் பாதையை மாற்றும் விதம்

2017 ஜூலை 1 அன்று இந்தியாவில் ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. அடுத்த ஐந்து வாரங்களுக்குள் தென் கொரியாவிலிருந்து சுமார் 33.8 கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் வந்து இறங்கியது. அதற்கு முந்தைய நிதியாண்டு முழுவதும் சேர்த்தே அங்கிருந்து வந்தது ஏறத்தாழ 7 கோடி டாலர்தான். தென் கொரியா தங்கச் சுரங்கத்துக்குப் பேர்போன நாடில்லை. பிறகு எப்படி?

2010 ஜனவரி முதல் அமலில் இருக்கும் இந்திய–கொரிய ஒப்பந்தப்படி, அங்கிருந்து வரும் தங்கப் பொருள்களுக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. மற்ற நாட்டுத் தங்கத்துக்கு அப்போது 10%. ஆனாலும் அதுவரை வியாபாரிகள் கொரியா பக்கம் பெரிதாகப் போகவில்லை. உள்நாட்டுக் கலால் வரிக்கு ஈடாக வசூலிக்கப்பட்ட 12.5% கூடுதல் வரி அந்தச் சலுகையைத் தின்றுவிட்டிருந்தது. ஜிஎஸ்டி வந்ததும் கூடுதல் வரி போய், அந்த இடத்தில் எல்லாத் தங்கத்துக்கும் பொதுவான 3% வந்து உட்கார்ந்தது. 10% வித்தியாசம் அப்படியே கைக்கு வந்தது. காசு கணக்கில் லாபம் பார்க்கும் தங்க மொத்த வியாபாரத்தில் 10% என்பது கனவு. ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு கொரியத் தங்க இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது; வரத்து நின்றது.

இதில் கடத்தல் எதுவும் இல்லை. எல்லாம் ரசீதோடு, சான்றிதழோடு சுங்கம் வழியாக வந்த சரக்கு. உலகத் தங்க உற்பத்தியோ இந்தியர்களின் தங்க ஆசையோ அந்த ஐந்து வாரத்தில் மாறிவிடவில்லை. மாறியது பாதை மட்டும்தான்.

ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா (இரண்டும் 2022), சுவிட்சர்லாந்து–நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளின் குழு (2024), பிரிட்டன் (2025) என்று இந்தியா வரிசையாக ஒப்பந்தம் போட்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்தில் ‘ஏற்றுமதி பெருகும்’ என்று ஒரு செய்தி வருகிறது. உள்பக்கத்தில் விவசாயிகளோ சிறுதொழில் சங்கமோ எதிர்ப்பதாக இன்னொரு செய்தி. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று குழம்புகிறவர்களுக்காக, அடியிலிருந்து பார்க்கலாம்.

எல்லாருக்கும் ஒரே வரி: விதியும் விலக்கும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947-இல் கையெழுத்தாகி மறு ஆண்டு அமலுக்கு வந்தது காட் என்ற பொது ஒப்பந்தம். இன்றைய உலக வர்த்தக அமைப்பின் அடித்தளம் அதுதான். அதன் முதல் பிரிவே ‘மிகவும் வேண்டப்பட்ட நாடு’ என்ற விதி. பெயரைக் கேட்டால் யாருக்கோ தனிச் சலுகை தருவது போலத் தோன்றும். பொருள் நேர் எதிர். ஓர் உறுப்பு நாட்டுக்கு நீங்கள் வரியைக் குறைத்தால் அதே குறைப்பை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தானுக்கான அந்தத் தகுதியை இந்தியா விலக்கிக்கொண்டபோது, பாகிஸ்தானுக்கு இவ்வளவு நாள் ஏன் ‘ஸ்பெஷல்’ சலுகை கொடுத்தோம் என்று பலர் கேட்டார்கள். ஸ்பெஷல் எதுவும் கொடுக்கவில்லை. எல்லாருக்கும் கொடுத்ததைத்தான் கொடுத்தோம்.

அதே காட் ஒப்பந்தத்தின் 24-ஆம் பிரிவு இந்த விதிக்கு ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. சில நாடுகள் சேர்ந்து தங்களுக்குள் மட்டும் வரியை நீக்கிக்கொள்ளலாம். ஆனால் ஏறத்தாழ எல்லாப் பொருள்களையும் அதில் சேர்க்க வேண்டும், நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும், வெளியே இருப்பவர்களுக்கு முன்பைவிட வரியைக் கூட்டக் கூடாது. வளரும் நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்களுக்கு 1979-இல் இன்னும் தாராளமான தனி விலக்கு வந்தது. விலக்காகத் தொடங்கியதுதான் இன்று நடைமுறையே ஆகிவிட்டது: இப்போது 350-க்கும் மேற்பட்ட வட்டார, இருதரப்பு ஒப்பந்தங்கள் அமலில் இருக்கின்றன. கடைசிவரை எதிலும் சேராமல் இருந்த மங்கோலியாவும் 2016-இல் ஜப்பானோடு சேர்ந்துகொண்டது.

‘வட்டார ஒப்பந்தம்’ என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே வகைகள் உண்டு:

1. சலுகை ஒப்பந்தம். சில பொருள்களுக்கு மட்டும் வரிக் குறைப்பு.
2. தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். பெரும்பாலான பொருள்களுக்கு உறுப்பினர்களுக்குள் வரி நீக்கம். ஆனால் வெளி நாடுகளுக்கு அவரவர் வரி அவரவர் இஷ்டம். இலங்கையில் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை என்பார்கள்.
3. சுங்க ஒன்றியம். உள்ளே வரி இல்லை. வெளியாருக்கு எல்லா உறுப்பினரும் ஒரே வரி. ஐரோப்பாவில் 1968-இல் நிறைவேறியது இது.
4. பொதுச் சந்தை. சரக்கோடு ஆட்கள், முதலீடு, சேவைகளும் எல்லை தாண்டிப் போகலாம்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொரியத் தங்கம் உட்பட, கீழே வரப்போகும் சிக்கல்களெல்லாம் அந்த இடைவெளியில் பிறந்தவைதான்.

உருவாக்கமா, திசைதிருப்பலா?

வரி குறைந்தால் வர்த்தகம் கூடும், வர்த்தகம் கூடினால் நல்லது என்பது பொதுப் புத்தி. 1950-இல் பொருளியலாளர் ஜேக்கப் வைனர் இதில் ஒரு கீறல் போட்டார். சிலருக்கு மட்டும் வரியைக் குறைப்பதால் நன்மையும் வரலாம், நஷ்டமும் வரலாம் என்றார். கணக்காகப் பார்த்தால் எளிது.

நம் நாட்டில் ஒரு பொருளைச் செய்ய 150 ரூபாய் ஆகிறது. தொலைவிலுள்ள ‘அ’ நாடு அதை 100 ரூபாய்க்குத் தருகிறது. பக்கத்து ‘ஆ’ நாடு 110-க்கு. இவை வெறும் உதாரண எண்கள்.

1. வரி 60% என்றால்: ‘அ’ சரக்கு 160, ‘ஆ’ சரக்கு 176. இரண்டையும்விட நம் பொருளே மலிவு, இறக்குமதியே இல்லை. ‘ஆ’ நாட்டோடு ஒப்பந்தம் போட்டு வரியை நீக்கினால் அதன் சரக்கு 110-க்கு வரும். முன்பு இல்லாத வர்த்தகம் பிறந்துவிட்டது. வாங்குபவருக்கு 40 ரூபாய் மிச்சம். 150 ரூபாய்க்குச் செய்துகொண்டிருந்த உள்ளூர் ஆலைக்கு மட்டும் அடி. இது வர்த்தக உருவாக்கம்.

2. வரி 20% என்றால்: ‘அ’ சரக்கு 120, ‘ஆ’ சரக்கு 132. எல்லாரும் ‘அ’ நாட்டிலிருந்து வாங்குகிறார்கள்; அரசுக்குப் பொருளுக்கு 20 ரூபாய் வரி. இப்போது ‘ஆ’ நாட்டுக்கு மட்டும் வரி நீக்கம். அதன் விலை 110; ‘அ’ இன்னும் 120. வாங்குபவர்கள் ‘ஆ’ பக்கம் திரும்புகிறார்கள். அவர்களுக்கு 10 ரூபாய் மிச்சம், கஜானாவுக்கு 20 ரூபாய் நஷ்டம். நாட்டுக்கு மொத்தத்தில் 10 ரூபாய் போய்விட்டது. திறமையாக, மலிவாகச் செய்யும் ‘அ’ நாடு ஒரு தவறும் செய்யாமலே வாடிக்கையாளரை இழந்தது. இது வர்த்தகத் திசைதிருப்பல்.

இரண்டு கணக்கிலும் ஒப்பந்தம் ஒன்றேதான். பழைய வரி எவ்வளவு, பங்காளி நாடு உண்மையிலேயே மலிவாகச் செய்கிறதா என்பவைதான் மாறியிருக்கின்றன. அதனால்தான் ‘ஒப்பந்தத்துக்குப் பிறகு இருதரப்பு வர்த்தகம் இரட்டிப்பானது’ என்ற புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டாவது கணக்கிலும் இருதரப்பு வர்த்தகம் கூடத்தான் செய்தது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ‘அ’ நாட்டு வியாபாரி சும்மா இருப்பாரா? தன் சரக்கை ‘ஆ’ நாட்டுக்கு அனுப்பி, அங்கே சாக்கை மாற்றி, ‘ஆ’ நாட்டுச் சரக்கு என்று நம் துறைமுகத்துக்குள் கொண்டுவரப் பார்ப்பார். இந்தத் தடம்மாற்றம் தடையற்ற ஒப்பந்தங்களுக்கே உரிய நோய். சுங்க ஒன்றியத்தில் எந்த வாசல் வழியாக வந்தாலும் வெளியாருக்கு ஒரே வரி என்பதால், குறைந்த வரி வாசலைத் தேடும் வேலை அங்கே கிடையாது.

சரக்கின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது

தடம்மாற்றத்தைத் தடுக்க வைத்த பூட்டுதான் பிறப்பிட விதி. விளைந்த நெல்லுக்கும் பிடித்த மீனுக்கும் சொந்த ஊர் சொல்வது எளிது. கொரியத் திரை, சீன பேட்டரி, வியட்நாமில் பொருத்தியது என்றிருக்கும் ஒரு கைபேசிக்கு எது ஊர்? பொதுவாக இரண்டு உரைகல் உண்டு:

1. வகை மாற வேண்டும். உலகச் சரக்குகள் எல்லாவற்றுக்கும் சுங்கக் குறியீட்டு எண் உண்டு. உள்ளே வந்த மூலப்பொருளின் முதல் நான்கு இலக்கமும் வெளியே போகும் பொருளின் நான்கு இலக்கமும் வேறாக இருக்க வேண்டும்.
2. மதிப்புக் கூட வேண்டும். ஏற்றுமதி விலையில் இத்தனை சதவீதம் உள்நாட்டில் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

இந்தச் சதவீதம் வெறும் எழுத்தர் வேலை போலத் தெரியும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் 1994-இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் காருக்கு 62.5% வட அமெரிக்க மதிப்பு இருக்க வேண்டும் என்றிருந்தது. 2020-இல் வந்த புதிய ஒப்பந்தம் அதை 75% ஆக்கியது. மணிக்கு குறைந்தது 16 டாலர் சம்பளம் வாங்கும் தொழிலாளர்களின் பங்கு 40 முதல் 45% வரை இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. மெக்சிகோவின் சம்பளம் அதற்கு வெகு கீழே. வரி விகிதத்தில் கை வைக்காமலே வேலையை அமெரிக்கா, கனடா பக்கம் இழுக்கும் ஏற்பாடு இது.

விதி கண்டிப்பாக இருந்தால் வேடிக்கையும் நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டுப் பிரிந்த பிரிட்டன், 2021 ஜனவரி முதல் ‘வரியே இல்லாத’ ஒப்பந்தத்தில் ஒன்றியத்தோடு வணிகம் செய்கிறது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளின் ‘பெர்சி பிக்’ மிட்டாய் ஜெர்மனியில் செய்யப்பட்டது. பிரிட்டன் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போகும்போது அதற்கு வரி கேட்டார்கள். ஜெர்மனியும் அயர்லாந்தும் ஒன்றியத்தின் உறுப்பினர்கள்தான். ஆனால் பிரிட்டனில் அந்த மிட்டாய்க்கு எந்த வேலையும் நடக்கவில்லை. அதனால் அது பிரிட்டிஷ் சரக்கில்லை. அதனால் சலுகையும் இல்லை.

பாக் நீரிணையில் ஒரு சோதனை: வனஸ்பதி, தாமிரம், மிளகு

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தைவிடப் பொருத்தமானது கிடையாது. 1998 டிசம்பர் 28 அன்று பிரதமர் வாஜ்பாயும் அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் புது டெல்லியில் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச் 1 அன்று அமலுக்கு வந்தது. சிறிய நாடு என்பதால் இலங்கைக்கு நீண்ட அவகாசம்: இந்தியா மூன்று ஆண்டில் வரியை நீக்க வேண்டும், இலங்கைக்கு எட்டு ஆண்டு. சலுகையே தராத பொருள்களின் விலக்குப் பட்டியலில் இந்தியா 429-ஐ வைத்தது, இலங்கை 1,180-ஐ.

பட்டியலில் இல்லாவிட்டாலும் சிலவற்றுக்குக் கோட்டா. இலங்கைத் தேயிலை ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை பாதி வரிச் சலுகையில் வரலாம். ஆயத்த ஆடை 80 லட்சம் உருப்படி. தொடக்கத்தில் அதில் 60 லட்சம் இந்தியத் துணியில்தான் தைத்திருக்க வேண்டும். இவையும் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாக மட்டுமே. இலங்கைக்கு எந்தப் பொருள்களில் உண்மையான பலம் இருந்ததோ, அவற்றின் கதவு மட்டும் ஒருக்களித்துத் திறந்திருந்தது என்பதுதான் இதன் பொருள். இந்தக் கட்டுப்பாடுகள் பின்னால் தளர்த்தப்பட்டன என்றாலும், ஆரம்ப வருடங்களின் போக்கை இவைதான் தீர்மானித்தன.

பிறப்பிட விதி: நான்கு இலக்கக் குறியீடு மாற வேண்டும், 35% மதிப்பு இலங்கையில் கூட வேண்டும். இந்திய மூலப்பொருள் 10%-க்குக் குறையாமல் கலந்திருந்தால் இலங்கையின் பங்கு 25% போதும்.

*வனஸ்பதி.* அந்த ஆண்டுகளில் கச்சாப் பாமாயிலுக்கு இந்தியா கடும் வரி போட்டது. 2005-இல் அது 80%-ஐத் தொட்டது. இலங்கையில் அந்த வரிச்சுமை கிடையாது. அப்புறம் என்ன? மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயில் இலங்கைக்குப் போகும், அங்கே வனஸ்பதியாக மாறும், வரியில்லாமல் இந்தியாவுக்கு வரும். பாமாயிலின் குறியீடு 1511, வனஸ்பதியின் குறியீடு 1516. முதல் உரைகல் தேறிவிட்டது. இந்திய முதலீட்டாளர்களே அங்கே போய் ஆலை போட்டார்கள். உள்நாட்டு வனஸ்பதி ஆலைக்காரர்களின் நிலைமை விசித்திரமானது. மூலப்பொருளுக்கு அவர்கள் 80% வரி கட்ட வேண்டும். போட்டிப் பொருளோ பூஜ்ய வரியில் வந்து இறங்குகிறது. அவர்கள் போட்ட சத்தத்தில் 2006-இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்ற உச்சவரம்பு வந்தது.

*தாமிரம்.* இங்கே இரண்டாவது உரைகல் சோதனைக்கு உள்ளானது. பல நாடுகளிலிருந்து பழைய தாமிரம் வாங்கி, இலங்கையில் உருக்கி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். உருக்குவதில் 35% மதிப்புக் கூடுமா? ஏற்றுமதி விலை 100 ரூபாய், வெளிநாட்டுப் பழைய தாமிரம் 75 ரூபாய் என்றால் கூடிய மதிப்பு 25% மட்டும், தேறாது. அதே பழைய தாமிரத்தை 65 ரூபாய் என்று பில்லில் காட்டினால்? 35%, தேறிவிடும். மூலப்பொருளின் விலையைச் சந்தை விலையைவிடக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்பதுதான் இந்தியத் தரப்பின் குற்றச்சாட்டு.

இந்த இரண்டும் சேர்ந்து, இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்தின. 2000-இல் 6 கோடி டாலருக்கும் குறைவாக இருந்தது, 2005-இல் 55 கோடி டாலரைத் தாண்டியது. அந்த வருடத்தில் யாராவது அறிக்கை எழுதியிருந்தால் தெற்காசியாவின் மாபெரும் வெற்றிக் கதை என்றுதான் எழுதியிருப்பார்கள். சிலர் எழுதவும் செய்தார்கள்.

2008 ஏப்ரலில் விலைவாசியைச் சமாளிக்க இந்தியா கச்சா சமையல் எண்ணெய் மீதான இறக்குமதி வரியை முற்றாக நீக்கியது. பாமாயில் நேராக இந்தியத் துறைமுகத்துக்கே வரலாம் என்றான பிறகு கொழும்பைச் சுற்றி வர என்ன அவசியம்? வனஸ்பதி வணிகம் மடிந்தது. 2009-இல் இலங்கையின் ஏற்றுமதி 35 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. அந்தத் தொழில் அதுவரை நிலைத்திருந்தது மண்வளத்தாலோ திறமையாலோ அல்ல. இரண்டு நாட்டு வரி அட்டவணைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் நின்றது. இடைவெளியை மூடியதும் விழுந்தது.

சட்டப்படி பார்த்தால் வனஸ்பதியில் மோசடி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலை உண்மை, எண்ணெயை இறுகவைக்கும் வேலை உண்மை. விதி கேட்டதைச் செய்தார்கள். குறை விதி எழுதியவர்களுடையது.

*மிளகு.* இது இன்னும் சிக்கலானது, ஏனென்றால் இலங்கையில் நிஜமாகவே மிளகு விளைகிறது. மாத்தளைப் பக்கத்து மிளகு காரமும் எண்ணெய்ச் சத்தும் மிகுந்தது. கேரளத்தில் மிளகுச் சாறு பிரிக்கும் ஆலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. இந்தியாவின் பொது வரி 70%. இலங்கை மிளகுக்கோ இருதரப்பு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. அதற்கு மேல் தெற்காசிய ஒப்பந்தத்தின் வழியாக 8% மட்டும். அதே நேரத்தில் உலகிலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் வியட்நாமில் விலை சரிந்தது. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்று குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகள் கொதித்தார்கள். உலர்ந்த மிளகைப் பார்த்து எந்த நாட்டுக் கொடியில் காய்த்தது என்று சொல்ல எந்தச் சுங்க அதிகாரியால் முடியும்?

2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. அதற்குக் கீழே பில் போட்டு வரும் மிளகுக்குத் தடை. வியட்நாம் சரக்கைத் தடுக்கப் போட்ட வேலி, மாத்தளை விவசாயியின் சரக்கையும் சேர்த்தே தடுத்தது. பிறப்பிடத்தைச் சோதிக்க முடியாதபோது அரசுகள் கையிலெடுப்பது இப்படிப்பட்ட மொத்த ஆயுதத்தைத்தான்.

2020-இல் சுங்கச் சட்டத்தைத் திருத்தி, சான்றிதழ் மட்டும் போதாது, பிறப்பிட விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருந்து கேட்டால் காட்ட வேண்டும் என்று இந்தியா புது விதி கொண்டுவந்தது. செப்டம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது.

இலங்கையின் பற்றாக்குறைக்கு ஒப்பந்தம் காரணமா?

இலங்கையில் இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் வாதம்: இந்தியா நமக்கு விற்பது பல மடங்கு, நாம் விற்பது கொஞ்சம், ஒப்பந்தத்தில் ஏமாந்துவிட்டோம். பற்றாக்குறை இருப்பது உண்மை. ஆனால் இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போகும் பெரிய சரக்குகளைப் பாருங்கள்: பெட்ரோல், டீசல், வாகனங்கள், மருந்து. வாகனமும் எரிபொருளும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருப்பவை. மருந்துக்கு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வரி இல்லை. ஆக, இலங்கை இந்தியாவிலிருந்து வாங்குவதில் மிகச் சிறிய பங்குதான் ஒப்பந்தச் சலுகையைப் பயன்படுத்தி வருகிறது. மாறாக, இலங்கை இந்தியாவுக்கு விற்பதில் பாதிக்கும் மேல் இந்தச் சலுகையில் போகிறது. கொழும்பு வீதியில் ஓடும் இந்திய ஆட்டோ ஒப்பந்தத்தால் வந்ததில்லை. ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டாலும் வந்துகொண்டுதான் இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். சுங்க வரி பூஜ்யம் என்றாலும் இலங்கை ‘செஸ்’, துறைமுக–விமான நிலைய வரி என்று வேறு பெயர்களில் வசூலிக்கும் தொகைகள் உண்டு. ஒப்பந்தம் அவற்றைத் தொடுவதில்லை. ‘பூஜ்ய வரி’ என்ற தலைப்பைப் பார்த்து கப்பலேற்றிய சில இந்திய ஏற்றுமதியாளர்கள் இதைத் தாமதமாகத்தான் கண்டுகொள்கிறார்கள்.

மேசையில் இல்லாதவர் கட்டும் விலை: திருப்பூர்

திசைதிருப்பலில் ‘அ’ நாடாக மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று திருப்பூரில் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஆயத்த ஆடைக்கு விதிக்கும் பொது வரி 12% வரை. இந்தியாவுக்குப் பல ஆண்டுகள் சின்னச் சலுகை போக 9.6%. வங்கதேசத்துக்கோ, மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு ஐரோப்பா 2001 முதல் தரும் சலுகையில் பூஜ்யம்.

2011 வரை இதிலும் ஒரு தடை இருந்தது. பின்னலாடையானாலும் நெய்த துணியானாலும் இரண்டு கட்ட வேலை வங்கதேசத்திலேயே நடந்திருக்க வேண்டும். அதாவது துணியும் அங்கே, தையலும் அங்கே. 2011-இல் ஐரோப்பா அதைத் தளர்த்தியது: துணி எங்கிருந்து வந்தாலும் சரி, தையல் அங்கே நடந்தால் போதும். ஒற்றை வாக்கியத் திருத்தம்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளின் நூலை வங்கதேசம் வாங்கி, சட்டையாக்கி, பூஜ்ய வரியில் ஐரோப்பாவுக்கு விற்க, அதே நூலில் தைத்த திருப்பூர் சட்டை 9.6% வரியோடு அதே கடைக்குப் போனது. நூற்பாலைக்காரருக்கு லாபம், பனியன் கம்பெனிக்காரருக்கு நஷ்டம். இருவரும் ஒரே மாவட்டத்து ஆட்களாகக்கூட இருக்கலாம். ‘இந்தியாவுக்கு நல்லதா கெட்டதா’ என்ற கேள்விக்கு இங்கே ஒற்றை விடை இல்லை.

வியட்நாம் 2020 ஆகஸ்ட் முதல் ஐரோப்பாவோடு ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவர்களுக்கு விதி கடுமை: துணி வியட்நாமிலோ ஐரோப்பாவிலோ, விதிவிலக்காகத் தென் கொரியாவிலோ செய்ததாக இருக்க வேண்டும். வியட்நாம் தையல் கூடங்கள் அதிகம் நம்பியிருப்பது சீனத் துணியை. சலுகை காகிதத்தில் இருக்கிறது. எடுத்துக்கொள்ள முதலில் துணி ஆலை கட்ட வேண்டும்.

இப்போது சக்கரம் மறுபக்கம் சுழல்கிறது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தம் இந்திய ஆடைகளுக்குப் பிரிட்டனில் வரியை நீக்க வழிசெய்கிறது. வங்கதேசத்துக்கு அங்கே ஏற்கெனவே பூஜ்ய வரிதான். அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் திருப்பூரைவிட அவர்களுக்கு இருந்த அனுகூலம் போய்விடுகிறது. இதைச் சலுகைத் தேய்மானம் என்கிறார்கள். டாக்காவுக்கு எதிராக யாரும் எதுவும் செய்யவில்லை. அவர்கள் கையெழுத்திடாத ஒரு காகிதம் அவர்களுடைய கணக்கை மாற்றுகிறது.

இடியாப்பச் சிக்கல்

பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி 1990-களில் இந்த நிலைக்கு ‘ஸ்பகெட்டிக் கிண்ணம்’ என்று பெயர் வைத்தார். நம் பாஷையில் இடியாப்பச் சிக்கல். இலங்கை மிளகையே எடுத்துக்கொள்ளுங்கள்: இருதரப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி, தெற்காசிய ஒப்பந்தத்தில் இன்னொன்று, இரண்டிலும் சேராவிட்டால் பொது வரி. ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ், தனி விதி. பெரிய நிறுவனம் இதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு பெட்டி அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர், 5% சலுகைக்காக மூலப்பொருள் கணக்கெல்லாம் எழுதுவதைவிட வரியைக் கட்டிவிட்டுப் போவோம் என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

சிக்கலை அவிழ்க்க ஒரு வழி, பல நாடுகள் சேர்ந்து ஒரே பிறப்பிட விதியை வைத்துக்கொள்வது. 15 ஆசிய–பசிபிக் நாடுகளின் ஆர்செப் ஒப்பந்தம் (2022 ஜனவரி 1 முதல்) அதைத்தான் செய்கிறது: ஓர் உறுப்பு நாட்டு மூலப்பொருள் இன்னொரு உறுப்பு நாட்டில் உள்நாட்டுப் பொருளாகவே கணக்கில் சேரும். 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா இதிலிருந்து விலகியது. சீனச் சரக்கு வெள்ளம், பால் பண்ணைக்காரர்களின் அச்சம் என்று சொல்லப்பட்ட காரணங்களோடு, சீனச் சரக்கு மூன்றாம் நாடு வழியாக நுழைந்துவிடுமே என்ற பயமும் சேர்ந்திருந்தது. வனஸ்பதியும் மிளகும் தந்த அனுபவத்துக்குப் பிறகு அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியே நிற்பதற்கும் விலை உண்டு. உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதிரிபாகம் வாங்கி விற்கும் சங்கிலியில் இந்தியப் பாகம் அப்படி உள்நாட்டுப் பொருளாகக் கணக்கில் சேராது.

அடுத்த ஒப்பந்தச் செய்தியைப் படிக்கும்போது

1. பழைய வரி எவ்வளவு இருந்தது? ஏற்கெனவே 2% இருந்ததை நீக்கினால் பெரிதாக எதுவும் நடக்காது. 70% இருந்ததை நீக்கினால் நடப்பது எல்லாம் நல்லதாக இருக்காது.
2. பங்காளி நாடு அந்தப் பொருளை உண்மையிலேயே செய்கிறதா, அல்லது கைமாற்றி விடுகிறதா?
3. விலக்குப் பட்டியலிலும் கோட்டாவிலும் என்ன இருக்கிறது?
4. பிறப்பிட விதி என்ன சொல்கிறது? செய்தியில் இது இருக்கவே இருக்காது. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில்தான் தேட வேண்டும்.
5. மேசையில் இல்லாத யாருடைய சந்தை இதனால் நகர்கிறது?

இப்படிப் பின்னிணைப்பையும் அட்டவணையையும் படிக்க வேண்டியதற்கு ஒரு புது உதாரணமும் இருக்கிறது. சுங்க அட்டவணைப்படி, எடையில் 2% அல்லது அதற்கு மேல் பிளாட்டினம் கலந்த உலோகக் கலவை ‘பிளாட்டினக் கலவை’ என்றே கணக்கிடப்படும். மீதி முழுவதும் தங்கமாக இருந்தாலும் சரி. இந்திய–அமீரக ஒப்பந்தத்தில் பிளாட்டினத்துக்கு வரிச் சலுகை இருந்தது. துபாயிலிருந்து தங்கம் பிளாட்டினம் என்ற பெயரில் வரத் தொடங்கிய பிறகு, 2025-26 பட்ஜெட்டில் 99%-க்குக் குறையாத சுத்தப் பிளாட்டினத்துக்குத் தனிக் குறியீட்டு எண் கொடுத்து, சலுகையை அதற்குள் அடக்க வேண்டியதாயிற்று.